விளக்கம் கேட்டதற்கு

பார்வை: தங்கள் குறிப்பாணை, நாள் பதினொன்று.
அய்யா,
அஞ்சலி நிமிடத்தில் என் பேக்பைப் முனகியது உண்மை.
அதைக் கேட்டுத்
துக்க வீட்டில் சிரிப்பு எழுந்ததும் உண்மை.
ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
எனக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

அன்று காலை சூரமங்கலத்தில் கல்யாணம்.
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் வீடு.
பேண்டுக்குப் பணம் கட்டிய சலான்
ஆய்வாளர் அய்யாவிடம் இருக்கிறது.
மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு குத்துப்பாட்டு கேட்டார்கள்.
இந்தக் குழலில் ஒன்பது சுரம்தான் தம்பி என்றேன்.
ஒன்பதுலயே போடுங்கக்கா என்றார்கள்.
போட்டோம்.
பெண் காரைவிட்டு இறங்கியபோது
தோளில் சாய்ந்திருந்த மூன்று குழலும்
ஒரே சுருதியில் நின்றன.
வருடத்தில் இரண்டு தடவை வாய்த்தால் பெரிது.
குறிப்பாணையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இலை போட்டார்கள். உட்காரும் முன்
வேன் ஹாரன் அடித்தது.
பையைப் பிழிந்து காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது முறை.
நேரமில்லை. குழல்வாய்களில் கார்க்கைச் செருகி
மடியில் வைத்துக்கொண்டேன்.
அடிவாரம் வரை வெதுவெதுப்பாக இருந்தது,
தூங்கும் பிள்ளையின் வயிறு மாதிரி.
எட்டாவது கொண்டை ஊசி வளைவில் வேன் மெதுவானது.
இங்கதான், என்றார் டிரைவர்.
தடுப்புச் சுவரில் புதுச் சிமெண்ட் பூசியிருந்தார்கள்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
இருபதாவது வளைவில்
சாம்பார் வாளியின் மணம் இன்னும் என் கையில்.

மஞ்சக்குட்டை. மூடுபனி.
தலைமைக் காவலர் சடையப்பனைக்
காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் கிடத்தியிருந்தார்கள்.
நனைந்த ரீடு அரைச் சுருதி இறங்கும்.
இறங்கியது. அந்த மெதுநடைக்கு
அதுவும் பொருந்தத்தான் செய்தது.
பன்னிரண்டு துப்பாக்கி, மூன்று சுற்று.
சவுக்குமரத்திலிருந்து ஒரு பறவைகூடப் பறக்கவில்லை,
பனியில் அதற்கும் வழி தெரிந்திருக்காது.
பிறகு மௌனம்.

அவர் மகள், ஆறு வயதிருக்கும்,
விடுதிச் சீருடையோடு வந்திருந்தாள்.
அழவில்லை. காலையிலிருந்தே அழவில்லை என்றார்கள்.
என் கக்கத்தை அண்ணாந்து பார்த்து
உள்ள ஆடு இருக்கா, என்றாள் மெல்ல.
நான் பணியில் இருந்தேன், பதில் சொல்லவில்லை.
அவளே தெரிந்துகொள்ள
இரண்டு கையாலும் பையைக் கட்டிக்கொண்டு
காதை வைத்தாள்.

பெரிய குழல் வாய் திறந்தது.
நீளமாக, அடித்தொண்டையில்,
கடைசியில் ஒரு சின்ன விசில்.

எஸ்.பி. அய்யா திரும்பினார்.
அதற்குள் சடையப்பனின் மனைவி மாதாயி
அய்யோ, அவரு குறட்டை, என்றார்.
இப்படித்தான், அப்படியே இப்படித்தான்,
பதினாலு வருசமா.
சிரித்தார். அவர் தங்கை சிரித்தாள்.
களம் முழுக்கச் சிரித்தது.
துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்த நம் ஆட்களில்
மூன்று பேர் சிரித்தார்கள், பெயர் எழுத மாட்டேன்.
பிள்ளை இன்னொரு தடவை அமுக்கினாள்.
அது கொஞ்சமாக வந்தது.
மூன்றாவது தடவை ஒன்றும் வரவில்லை.
அப்போதுதான் அழுதாள்.

அந்தக் காற்றில் எது கல்யாண வீட்டுக் காற்று
எது மலையில் ஊதியது என்று
பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.
பையின் வால்வு ஒருவழி. உள்ளே போனது எல்லாம் ஒன்று.
இனி அஞ்சலி நேரத்தில்
காலிப் பையோடு நிற்பேன் என உறுதி எழுதித் தரும்படி
எழுத்தர் சொன்னார்.
இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.
மை கசிந்ததற்கு மன்னிக்கவும்.

தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்.
ஜனவரி அணிவகுப்புக்கு ரீடு இரண்டு கேட்டு
ஜூன் மாதம் கொடுத்த மனு
இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பதையும்
பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.

பெ. சௌந்தரி
முதல்நிலைக் காவலர், வாத்தியப் பிரிவு
குமாரசாமிப்பட்டி, சேலம்.